ஆள் இல்லாத அறை

அலுவலகத்தில் என் வேலை மற்றவர்களைப் பயமுறுத்துவது. கதவில் ‘தகவல் பாதுகாப்பு மேலாளர்’ என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் மாதம் ஒரு முறை, புதிதாகச் சேர்ந்தவர்களை உட்கார வைத்து, “உங்க கம்ப்யூட்டர் நாளைக்குச் செத்துப்போனா என்ன செய்வீங்க?” என்று கேட்டு, அவர்கள் முகம் வெளுப்பதை ரசிப்பதுதான் அசல் வேலை. ஒரு நகல் போதாது என்பேன். நகல் எடுத்தால் மட்டும் போதாது, அவ்வப்போது அதைத் திறந்தும் பார்க்க வேண்டும், திறந்து பார்க்காத நகல் பிரிக்காத பொட்டலம், உள்ளே சர்க்கரையா உப்பா என்று யாருக்குத் தெரியும் என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். பதினோரு வருடமாக அதே பொட்டலம், அதே சிரிப்பு.

வீட்டிலும் அதற்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க், முன்னால் ஒரு பச்சை விளக்கு, அளவில் இரண்டு செங்கலைச் சேர்த்து வைத்தது போல இருக்கும். வீட்டிலுள்ள கம்ப்யூட்டர்களில் அன்றன்று சேரும் கோப்புகள் தினமும் காலை எட்டரைக்கு, வைஃபை வழியாகத் தானாக அதில் நகலாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதைத் துணி போட்டுத் துடைப்பதைப் பார்த்துவிட்டு என் மனைவி அதற்கு ‘மூத்த பிள்ளை’ என்று பெயர் வைத்தாள். பெருமையாக இருந்தது.

அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிப்பவள். அதே ஆஸ்பத்திரியில் போன்களை இணைத்துவிடும் ஆபரேட்டர் ஒரு பெண் இருக்கிறாள், கண் பார்வை இல்லாதவள். வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படிக்கிறாள். பாடப் புத்தகமோ பழைய அச்சு. கம்ப்யூட்டரைப் படிக்கச் சொன்னால் பாதி எழுத்தை விழுங்கிவிட்டு மீதியை உளறுகிறது. அதனால் என் மனைவி அந்தப் புத்தகத்தைத் தானே வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து கொடுக்க ஆரம்பித்தாள். மொத்தம் நாற்பது அத்தியாயம், பதினான்கு மாதம். ஜன்னலில்லாத சின்ன அறையின் துணி அலமாரி ஆள் நுழையும் அளவுக்குப் பெரியது. அதற்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு, மடிக்கணினியை மடியில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை படிப்பாள். சுற்றிலும் துணி தொங்கினால் எதிரொலி வராதாம்.

பதிவுகளை ஆபரேட்டர் தன் பென் டிரைவில் வாங்கிப் போவாள். அதில் இடம் போதவில்லை, இன்னொன்று வாங்கட்டுமா என்று ஒரு முறை என்னிடம் போனில் யோசனை கேட்டாள். நிபுணர் இல்லையா, கேட்டார்கள், சொன்னேன். “எதுக்கு வீண் செலவு? கேட்டு முடிச்சதை அழிச்சிட்டு அடுத்ததை ஏத்திக்கோங்க. ஒரிஜினல் எங்கிட்ட பத்திரமா இருக்கு.”

நாற்பதாவது அத்தியாயம் முடிந்த வாரம் என் மனைவிக்குத் தொண்டை போயிற்று. குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, ஐந்து வாரம் வாயே திறக்கக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, சத்தமாகச் சிரிக்கவும் கூடாது என்றார் தொண்டை டாக்டர். அவள் துண்டுக் காகிதங்களில் எழுதிப் பேச ஆரம்பித்தாள். லேபில் கஷ்டமில்லை, ரத்தக் குழாய்கள் பதில் எதிர்பார்ப்பதில்லை. வீட்டில் மட்டும் நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினேன். அது எனக்குப் புதிய வேலை இல்லை.

இரண்டாவது வாரத்தில் அவளுடைய மடிக்கணினி திறக்கவில்லை. கடைக்காரர் பிரித்துப் பார்த்து, டிஸ்க் எரிந்துவிட்டது, ஒரு எழுத்துகூடத் தேறாது என்றார். அதே நாள் ஆபரேட்டரிடமிருந்து செய்தி வந்தது. பரீட்சைக்கு இருபத்தாறு நாள் இருக்கிறது, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கேட்க வேண்டும், பெரிய டிரைவ் ஒன்று இரவல் கிடைத்திருக்கிறது, மொத்தத்தையும் ஏற்றித் தர முடியுமா என்று. என் மனைவி அதை என்னிடம் காட்டினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். “இந்த நாளுக்குத்தான் பெட்டி” என்று சொல்லி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் இருபத்துமூன்று அத்தியாயங்கள் சமர்த்தாக வந்தன. இருபத்துநான்கு திறக்கவில்லை. இருபத்தைந்து திறந்தது, நாலு விநாடி கழித்துக் கரகரவென்று எண்ணெய் காய்கிற சத்தம். இருபத்தாறுக்குப் பெயர் இருந்தது, அளவு இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. முப்பத்தொன்பது வரை இதே கதை. கடைசியான நாற்பது மட்டும் ஆபரேட்டரின் பென் டிரைவில் இருந்தது. ஆக, பதினாறு அத்தியாயம் அவுட். பச்சை விளக்கு மட்டும் ஒரு குறையுமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

நான்கு நாள் நான் செய்ததையெல்லாம் சொன்னால் என் அலுவலகத்தில் என்னை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். டிஸ்க்கைச் சந்தேகப்பட்டேன். சோதித்தேன், கல்லு போல இருந்தது. கேபிளைச் சந்தேகப்பட்டுப் புதிது வாங்கினேன். பெட்டி செய்த கம்பெனிக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதினேன். நல்லவேளை, அனுப்பவில்லை. பிறகுதான் தனக்கு நடப்பதைப் பெட்டி தானே பதிந்துவைக்கும் குறிப்பேட்டைப் பார்க்கத் தோன்றியது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது அது. அதில் ஒரே வரி, அநேகமாக நாள் தவறாமல், எட்டு மாதமாக இருந்தது: மின்சாரம் திடீரென நின்றது. நேரம், காலை 8.41. சில நாள் 8.40.

எட்டரைக்கு ஆரம்பிக்கும் நகல் முடிய அரை மணி ஆகும். பாதியில் கழுத்தை நெரித்திருக்கிறார்கள். அடுத்த நாள் பெட்டி, நேற்றைய அரைகுறையின் மேல் இன்றைய அரைகுறையை அடுக்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது எனக்கு மெயிலும் அனுப்பியிருக்கிறது. அந்த மெயில்கள் தொல்லையாக இருக்கின்றன என்று, அவை கண்ணில் படாமல் நேராக ஒரு மூலைக்குப் போகும்படி நானே செய்து வைத்திருந்தேன். இருநூற்று மூன்று மெயில். மூத்த பிள்ளை அத்தனை தடவை கத்தியிருக்கிறான், அப்பன் காதில் பஞ்சு.

எட்டு மாதம் முன்பு என்ன நடந்தது என்று யோசித்தேன். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் கண் சிமிட்டிக்கொண்டிருந்த பெட்டியைச் சின்ன அறைக்கு மாற்றியிருந்தேன். அங்கே ஒரே பிளக் பலகையில் மேசை விளக்கு, சார்ஜர், பெட்டி மூன்றும், மூன்றுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். அதே சமயத்தில்தான் என் மச்சினன் எங்களோடு தங்க வந்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். வந்த நாளிலிருந்து கிடைத்த பிளக்கில் எல்லாம் ஷேவரைச் சொருகுவான். கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலை உணவின்போது நீதிபதி மாதிரி தொண்டையைக் கனைத்தேன்.

“தம்பி, ஒளிக்காம சொல்லு. காலையில எட்டே முக்காலுக்கு நீ அந்த ரூம்ல என்ன பண்றே?”

அவன் தட்டிலிருந்து நிமிர்ந்தான். “எட்டே முக்காலுக்கா? மாமா, எனக்கு ஆறரைக்கு டூட்டி. எட்டே முக்காலுக்கு நான் பஸ்ஸுக்கு அடியில படுத்திருப்பேன். இன்னிக்குத்தான் வார லீவு.”

“ஷேவர்?”

“அந்த ஷேவரா மாமா? அது செத்து ஒரு மாசமாச்சு.” தாடியைத் தடவிக் காட்டினான். நான் அவன் முகத்தை ஒரு மாதமாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

என் மனைவி எதுவும் எழுதவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கக்கூடாதவர்களின் பார்வைக்கு ஒரு தனி நீளம் உண்டு.

பிழைத்த இருபத்துமூன்றையாவது முழுதாகச் சரிபார்த்து அனுப்பலாம் என்று சனிக்கிழமை காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினான்கு மாதத்தில் அவள் படித்த ஒரு அத்தியாயத்தைக்கூட நான் கேட்டதில்லை. சட்டம்தானே, கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். கேட்டால், நன்றாகப் படித்திருந்தாள். கஷ்டமான வாக்கியம் வரும்போது வேகத்தைக் குறைத்து, கேட்பவளுக்கு மூச்சு விட இடம் கொடுத்து, எதிரே ஒருத்தி உட்கார்ந்திருப்பது போலப் படித்திருந்தாள். என்னிடம் அப்படி அவள் பேசி நாளாயிற்று. அல்லது நான் விட்டிருக்க மாட்டேன்.

மூன்றாவது அத்தியாயத்தின் நடுவில், தூரத்தில் ஒரு விசில். பிறகு செருப்புச் சத்தம். பிறகு ஒரு ஆண் குரல், அலமாரிக் கதவையும் அத்தனை துணிகளையும் தாண்டித் தெளிவாகக் கேட்டது: “ஆள் இல்லாத ரூம்ல எதுக்கு லைட்டு எரியுது? இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் பார்க்கணுமா?” அடுத்து ‘டக்’ என்று ஒரு சத்தம். விசில் வாசலை நோக்கிப் போனது. என் மனைவி ஒரு மூச்சு விட்டாள். “மன்னிக்கணும். இந்த வாக்கியத்தை மறுபடியும் படிக்கிறேன்.”

நான்காவதைப் போட்டேன். விசில், செருப்பு, டக், மன்னிக்கணும். ஏழாவது. பன்னிரண்டாவது. பதினெட்டில் எனக்குச் சளி பிடித்திருந்தது, திட்டு மட்டும் குறையவில்லை.

அலுவலகம் கிளம்பும்போது வீட்டைச் சுற்றி வந்து சுவிட்சுகளை அணைப்பது என் வழக்கம். முன்பு அந்தப் பலகையில் விளக்கு மட்டும் இருந்தது, அதனால் அவள் வாக்கியம் மட்டும் கெட்டது. பெட்டியையும் நானே கொண்டுபோய் அதே பலகையில் சொருகினேன். எட்டரைக்கு நகலை ஆரம்பித்துவைத்து, எட்டு நாற்பதுக்கு நானே கழுத்தை நெரித்துவிட்டு, மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கப் போயிருக்கிறேன். ஒன்பதுக்கு அவள் அலமாரியிலிருந்து இருட்டுக்குள் வெளியே வந்து சுவிட்சைப் போடுவாள், பச்சை விளக்கு மறுபடி எரியும். சாயங்காலம் நான் வந்து பார்த்துத் திருப்திப்படுவேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இந்த வேலி மேய்ந்துவிட்டு ஏப்பமும் விட்டிருக்கிறது. நான் காய்ச்சலில் கிடந்த நான்கு நாளும் குறிப்பேட்டில் ஒரு வரி இல்லை.

ஆனால் என்னைத் தாக்கியது பெட்டி அல்ல. ஆள் இல்லாத ரூம் என்று நான் தினமும் சொன்னபோது, ஐந்தடி தள்ளி அவள் உட்கார்ந்திருந்தாள். அவமானமாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் கொஞ்சம் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தாள். அவளுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றேன்.

‘சொன்னேன். நாலு தடவை’ என்று எழுதினாள். காகிதத்தைத் திருப்பி, ‘ஆபரேட்டருக்கு யார் சொல்றது?’

“மின்தடைன்னு நீயே ஒரு மெசேஜ் போட்டுடேன்” என்றேன். பொய் இல்லை அது. மின்சாரம் தடைப்பட்டது உண்மை, தடுத்தது யார் என்பது மட்டும்தான் விடுபட்ட தகவல். அவள் பென்சிலை எடுத்து நிதானமாக எழுதினாள்: ‘குரல் இருக்கறவங்க சொல்லுங்க.’

ஆஸ்பத்திரி எண்ணுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மேடம், நான் லேப் மேடத்தோட வீட்டுக்காரர் பேசறேன்.”

“தெரியுது சார். குரல் தெரியும்.”

“நாம பேசினது ஒரே ஒரு தடவைதானே?”

“நீங்க பேசினது ஒரு தடவை சார். நான் கேட்டது நிறைய தடவை.”

பதினாறு அத்தியாயம் இல்லை என்று சொன்னேன். கரன்ட்டு நின்னு நின்னு போனதுல, என்று ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்த கண்கள் என்னை விட்டு நகரவில்லை.

“நான்தான் மேடம் நிறுத்தினேன். தெரியாமத்தான். ஆனா தினமும் நான்தான்.”

“அந்த டக்குங்கற சத்தமா சார்?”

“அதுதான்.”

“ஒரு நிமிஷம் சார்.” அவளுக்கு வேறு அழைப்பு வந்திருந்தது. யாரையோ எலும்புப் பிரிவுக்கு இணைத்தாள், இன்னொருவரைப் பிரசவ வார்டுக்கு. நான் காத்திருந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக, இடையில் பேசாமல் காத்திருந்தேன். திரும்பி வந்தபோது அவள் குரல் சின்னதாகியிருந்தது.

“அதையெல்லாம் ஒரு தடவை கேட்டிருக்கேன் சார். பரீட்சை எழுத ஒரு தடவை பத்தாது. போன வருஷமும் பாதிப் புக்கோட போய்த்தான் ஃபெயில் ஆனேன். இந்தத் தடவையும் போச்சுன்னா அட்டெம்ப்ட் முடிஞ்சுது. மேடத்துக்கும் பேச முடியாது. யாரு சார் படிப்பாங்க?”

“நான் படிக்கறேன்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. “லீவு போடறேன். பத்து நாள்ல முடிச்சுடலாம்.”

ஆபரேட்டர் கேட்டாள், “சத்தம் போடாம படிப்பீங்களா சார்?”

கிண்டலாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன், அதற்கெல்லாம் என்னிடம் பதில் உண்டு. அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த என் குரல் அது ஒன்றுதான். மிச்சமிருக்கும் நாளெல்லாம் அதைக் காதில் வைத்துக்கொண்டு படிக்க முடியுமா என்று ஒரு பரீட்சைக்காரி உண்மையாகக் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் அதே பதிலுக்குக் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

“படிப்பேன்” என்றேன், என்னால் முடிந்த அளவு மெதுவாக.

“முதல்ல ஒரு பக்கம் படிச்சு அனுப்புங்க சார்” என்றாள் ஆபரேட்டர். “கேட்டுட்டுச் சொல்றேன்.”