கழுவிய கோப்பை

குருக்கள்மடத் துறையில் பாதைப்படகு வந்து அணைந்த நேரம், பிட்டு வண்டிக்கார அஜந்தா கோப்பை கழுவுகிற வாளித் தண்ணீர் சொதி நிறத்துக்குக் கலங்கியிருந்தது. அன்று காலையிலிருந்தே குழாயில் நீர் வரவில்லை. வீட்டுக் கிணற்றுக்குப் போய்வரலாம். ஆனால் படகில் வந்த சனம் அதுவரை பிட்டுக்குக் காத்திராது, பஸ் ஏறிவிடும். பிட்டுச் சாப்பிட்ட எச்சில் கோப்பைகளை அள்ளிக்கொண்டு துறையின் பின்பக்கமாக, ஊரார் ஆறு என்று சொல்லும் வாவிக்குள் இறங்கினாள். மீன் செதில்கள் மிதந்தன. எஞ்சின் எண்ணெய் நிறம் நிறமாகப் படர்ந்து கிடந்தது. அதைக் கையால் விலக்கிவிட்டுக் கோப்பைகளை அலசினாள், துணியால் துடைத்தாள். அதை ஒருவரும் பார்க்கவில்லை. துடைத்த பிறகு அவை பளிச்சென்றுதான் இருந்தன.

முதல் கோப்பை யோகராசா மாஸ்டருக்குப் போனது. அக்கரைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், இரவு அங்கேயே தங்கிவிட்டு அன்று இக்கரைக்கு வந்திருந்தார். பிட்டைச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வண்டியில் பக்கீர் நானாவிடம் ஒரு சர்பத்தும் வாங்கிக் குடித்தார். மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றார்கள். வாந்தியும் வயிற்றோட்டமுமாம், சேலைன் ஏறுகிறதாம். இன்னும் இரண்டு பேருக்கும் அப்படித்தானாம்.

சுகாதாரப் பரிசோதகர் துறைக்கு வந்தார். அஜந்தாவிடம் தண்ணீர் எங்கே எடுப்பது என்று கேட்டார். அவள் குழாயைக் காட்டினாள். அது பொய்யில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பக்கீரின் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தவர், ஐஸ் எங்கே வாங்குவது என்று விசாரித்தார். காத்தான்குடியிலிருந்து விடியவே சைக்கிளில் வருகிறவர் பக்கீர். அவர் சொன்ன கடைப் பெயரைப் பரிசோதகர் நம்பியதாகத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்களில் மீன் விற்கிறவன் ஒருவன், மீனுக்குப் போடுகிற ஐஸாக இருக்கும் என்றான். காத்தான்குடி முஸ்லிம் ஆட்கள் அப்படித்தான் என்று இன்னொரு குரல் வந்தது. பரிசோதகர் அஜந்தாவைப் பார்த்து, “ஐஸாத்தான் இருக்கும், என்ன?” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

சர்பத் வண்டியை மூடச் சொல்லிவிட்டுப் பரிசோதகர் போனார். அன்றிரவு அஜந்தா தன் கைகளைச் சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினாள். பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து கொடுக்க மனம் வரவில்லை. கரண்டியால் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பக்கீர் வந்தார். சைக்கிளின் பின்னால் குழாய் வைத்த நீல நிறத் தண்ணீர்ப் பீப்பாய் கட்டியிருந்தது. அதை இறக்கி அவளுடைய வண்டியருகே வைத்தார்.

“என்ட வண்டி மூடித்தானே கிடக்கு. உங்களுக்குத் தண்ணிக் கஷ்டம். நீங்க பாவியுங்க, புள்ள. உங்களுக்கும் ஒரு பழி வந்திரப்படாது.”

அவளால் அந்தப் பீப்பாயைத் தொட முடியவில்லை. முகம் எரிந்தது. அவர் திட்டியிருந்தால், அன்று சனம் பேசியதைச் சொல்லிச் சண்டை பிடித்திருந்தால், அவளும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பாள்.

“நானா,” என்றாள். “அண்டைக்குக் குழாயில தண்ணி வரல்ல. ஆத்துத் தண்ணியிலதான் நான் கோப்ப கழுவின.”

பக்கீர் சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டு நின்றார்.

“அந்தப் பரிசோதகர் சேர் கேக்கக்குள்ள நீங்க தலையாட்டினீங்க,” என்றார். “நான் பாத்தன்.”

“ஓம்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அஜந்தா பிட்டுப் பானையை மூடினாள். அடுப்பைத் தணித்தாள். சாப்பிட வந்தவரிடம் இன்று இல்லை என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பெரிய ரோட்டை நோக்கி நடந்தாள். பரிசோதகர் வேலை செய்கிற கந்தோர் பஸ்ஸில் போகிற தூரம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் பின்னால் சைக்கிள் உருள்கிற சத்தம் கேட்டது. பக்கீர் ஏறி மிதிக்காமல் அதை உருட்டிக்கொண்டு வந்தார். அவளை முந்திப் போகவும் இல்லை, கூட நடக்கவும் இல்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்தச் சங்கிலிச் சத்தம் ரோடு வரைக்கும் பின்னாலேயே வந்தது.