பன்னிரண்டு காம்பரா மெனு

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது சரோஜாதேவி டீச்சரின் அச்சகம். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து மனுஷி வீட்டில் சும்மா இருப்பாரா? இருக்கமாட்டார். பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திய கை அரிக்கத் தொடங்கியதும் அச்சகம் திறந்துவிட்டார். கலியாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல், கட்சிக்காரர்களின் துண்டுப்பிரசுரம் என்று வருகிற எல்லாவற்றுக்கும் பக்கம் அமைப்பவள் ஜெசிந்தினி. தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து காலை ரயிலில் வருவாள். வேலையில் கெட்டிக்காரி. ஒரு பழக்கம்தான் விசித்திரம். வேலை செய்யும்போது உதடு அசையும்.

"ரெண்டாங் காம்பரா... ஆச்சு. நாலாங் காம்பரா..."

மெஷின் ஓட்டுகிற அர்ஷாத்துக்கு இதைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. "இன்னைக்கு யாரு வீட்டுக்குப் போற ஜெசி?" என்பான். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

மழுப்பாமல் என்ன செய்வாள், பாவம். அவளுடைய கண் போய்க்கொண்டிருந்தது. கண் டொக்டர் ஒளித்து மறைக்காமல் சொல்லிவிட்டார்: நடுப்பார்வை மங்கிக்கொண்டே போகும், ஓரப்பார்வை மிஞ்சும், எப்போது எவ்வளவு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, மருந்தும் இல்லை. அவர் சொன்னது போலவே நடந்தது. புருஷன் றொமேஷின் முகத்தை நேரே பார்த்தால் காது இரண்டும் இருக்கும், மூக்கும் மீசையும் இருக்காது. நமுனுகுல மலையை நேரே பார்த்தால் மலை இருக்காது, வானம் மட்டும் சுற்றி நிற்கும்.

றொமேஷ் நல்லவன்தான். நல்லவர்களோடுதான் சண்டை போட முடியாது. "நான் ஆட்டோ ஓட்டுறேன்ல? நீ எதுக்குக் கண்ணக் கசக்கிக்கிட்டுக் கெடக்குற?" என்று தினமும் கேட்டான். கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கொம்பியூட்டர் திரை இருட்டாகத் தெரிகிற அன்றைக்கு அவள் வேலையை விட்டுவிட வேண்டும். அந்தோனியார் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான். அவளும் செய்து கொடுத்தாள்.

டீச்சரிடம் அவள் வாயே திறக்கவில்லை. டீச்சரும் நல்லவர், அதுதான் பயம். போன வருஷம் மெஷின் ஓட்டிய ஒருவருக்குக் கை நடுங்குகிறது என்று தெரிந்ததும், கேக் வெட்டி, மாலை போட்டு, கண்கலங்கி, வீட்டுக்கு அனுப்பிவைத்தவர் அவர். ஜெசிந்தினிக்கு மாலை வேண்டாம். அவளுக்குப் பக்கம் வேண்டும். வெள்ளைத் தாளில் எங்கே எழுத்து நிற்க வேண்டும், எங்கே வெறுமை நிற்க வேண்டும் என்று சொல்கிற அந்த அதிகாரம் வேண்டும். அவள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் வாழ்க்கையில் யாரும் எந்த அதிகாரமும் கொடுத்ததில்லை. இவளுக்கு இதாவது கிடைத்தது. அதை விடச் சொன்னால் எப்படி விடுவாள்?

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று ஊர் கேட்கும். ஜெசிந்தினி கண் கெடுமுன்னே தொடங்கிவிட்டாள்.

அச்சகங்களில் வழக்கமாகப் பக்கம் அமைப்பது கண்ணால் செய்கிற வேலை. மவுஸைப் பிடித்துப் பெட்டியை இழு, எழுத்தைத் தள்ளு, சரிதானா என்று உற்றுப் பார், மறுபடி தள்ளு. கண் இல்லாவிட்டால் அங்கே பிழைப்பில்லை. ஆனால் அர்ஷாத்தின் தம்பி முறையான ஒருவன் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டை வேறு மாதிரி அமைத்துக்கொண்டிருந்தான். எழுத்தை மட்டும் அடிக்கிற சாதாரண மென்பொருள் ஒன்றைத் திறந்து, இது தலைப்பு, இது பாட்டு, இது நடுவில் நிற்கட்டும் என்று கட்டளையாக எழுதிவிட்டால் போதும். பக்கத்தைக் கொம்பியூட்டரே கட்டிக்கொள்ளும். இதைக் கேள்விப்பட்ட நாளில் ஜெசிந்தினிக்குத் தூக்கம் வரவில்லை. பார்க்க வேண்டாமாம், பெயர் சொன்னால் போதுமாம்.

வேகமாக வேலை செய்யத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அர்ஷாத் அதையெல்லாம் அவள் கொம்பியூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். எழுத்தை வாசித்துச் சொல்கிற குரலையும் ஏற்றினான். அந்தக் குரலின் தமிழ் இருக்கிறதே, யாழ்ப்பாணமும் இல்லை, மலையகமும் இல்லை, தடிமன் பிடித்த வானொலி அறிவிப்பாளர் மாதிரி மூக்கால் பேசும். காதில் மாட்டிக்கொண்டால் வேறு யாருக்கும் கேட்காது. அதற்குப் பிறகு அவளே உட்கார்ந்து தனக்கென்று ஒரு கட்டளை மெனு கட்டத் தொடங்கினாள்.

கட்டளைகள் நீளமானவை. ஒரு அடைப்புக்குறியைத் திறந்து மூட மறந்தால் பக்கம் முழுக்கக் குட்டிச்சுவர். அதனால் ஒவ்வொரு கட்டளையையும் மெனுவில் ஒரு தமிழ்ப் பெயராக வைத்து, அதற்கு ஒரு விசையைக் கொடுத்தாள். விசையை அழுத்தினால் திறக்கும் குறியும் மூடும் குறியும் சேர்ந்தே வந்து விழும், நடுவில் கேர்சர் நிற்கும். கதவைத் திறந்து போட்டுவிட்டு வருகிற பேச்சே இல்லை.

எந்த விசைக்கு எந்த வேலை என்று எப்படி நினைவு வைப்பது? கீபோர்டின் மேல் வரிசையைத் தடவிப் பார்த்தாள். எஃப் ஒன்று முதல் எஃப் பன்னிரண்டு வரை ஒரே நீளமாக நிற்கின்றன. நான்கு விசை, ஒரு இடைவெளி, நான்கு விசை, ஒரு இடைவெளி, நான்கு விசை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இது நம்ம லயம்! அவள் குடியிருக்கிற தோட்டத்து லயத்திலும் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. நான்கு காம்பராவுக்கு ஒரு தடவை அழுக்குத் தண்ணீர் போகிற கான் குறுக்கே ஓடும். இருட்டில் கானைத் தாண்டத் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை.

முதல் காம்பராவில் இருக்கிற அவளுடைய அம்மா கூப்பிட்டால் தேயிலை மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும். எஃப் ஒன்று தலைப்பு. அங்கே ஏற்கெனவே 'உதவி' என்று ஒன்று குடியிருந்தது, அதை எழுப்பி வெளியே அனுப்ப ஒரு முழுநாள் போயிற்று. இரண்டாவதில் சதீஸ்குமார், கதவுக்குள் பக்கவாட்டில் நுழைகிற உடம்பு. தடித்த எழுத்து. மூன்றாவது காம்பராவின் கதவு நிலை மழைக்கு ஒருபக்கம் சரிந்து நிற்கிறது. சாய்ந்த எழுத்து. நான்காவதில் அண்ணனும் தம்பியும் நடுவில் பலகை அடித்து இரண்டு அடுப்பு வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரிக்க வேறு இடம் எதற்கு? கானைத் தாண்டினால் ஐந்தாவதில் ஜெபப் பாட்டு எடுத்துக் கொடுக்கிற நிரஞ்சலா. அங்கே பல்லவியை வைத்தாள். ஆறாவதில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூடப் பாடும் நிரஞ்சலாவின் மாமியார் வீட்டில் சரணத்தை வைத்தாள். ஏழாவது அவள் வீடு. அவள் வீட்டுக் கதவைத் தட்டினால் எந்த எழுத்தும் அடக்கமாகப் பக்கத்தின் நடுவில் வந்து நிற்கும்.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஒருநாள், எட்டில் இருக்கிற பூ அலங்காரத்துக்குப் பதிலாக ஒன்பதைத் தட்டிவிட்டாள். பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழைச் சுற்றி மரண அறிவித்தலின் கறுப்புக் கோடு. மெஷினில் ஏற்றுமுன் அர்ஷாத்தின் கண்ணில் பட்டது, தப்பித்தாள். "புள்ளையோட மாமன்மாரு நம்மள வெட்டிப் போட்டிருப்பாங்க," என்றான் அவன். அன்றைக்கே கறுப்புக் கோட்டைப் பன்னிரண்டாவது காம்பராவுக்கு மாற்றினாள். அது பூட்டியே கிடக்கிற வீடு. அந்தப் பக்கம் தெரியாத்தனமாக யாரும் போவதில்லை.

பிறகு பழக்கம். ரயிலில் வரும்போது மடியில் கைப்பை, கைப்பையின் மேல் விரல்கள். ஜன்னலுக்கு வெளியே மலை மூட்டத்துக்குள் கரைந்து போகும், மறுபடி வரும். வெளியே இருக்கிற மூட்டம் எது, கண்ணுக்குள் இருக்கிற மூட்டம் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. விரல்கள் லயத்தில் நடந்துகொண்டிருந்தன. சில சமயம் தூக்கத்திலும் நடந்தாள். கனவில் நிரஞ்சலாவின் கதவைத் திறந்தால் உள்ளே அடுப்பு இருக்காது, வெள்ளைத் தாள் இருக்கும், அதில் பாட்டு தானாக வரிவரியாக இறங்கிக்கொண்டிருக்கும். விழித்த பிறகும் அந்த வெள்ளை கொஞ்ச நேரம் கண்ணில் தங்கும்.

நமுனுகுல பக்கத்து ஒரு தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலின் திருவிழாப் புத்தகம் வந்தது அப்போதுதான். நவநாள் ஜெபம், பாட்டுகள், ஒவ்வொரு நாளுக்கும் செலவை ஏற்கிற உபயகாரர் பெயர். எழுத்தையெல்லாம் கோயில்காரர்களே அடித்து அனுப்பிவிட்டார்கள். பக்கம் அமைத்தால் போதும். அவர்கள் ஆள் வந்து வாங்கிப் போகிற நாளுக்கு முந்திய பின்னேரம் பதுளையில் இடியும் மின்னலுமாக ஒரு மழை பெய்தது.

மறுநாள் காலை ஜெசிந்தினி மாடியேறி வந்தபோது அச்சகத்தில் யாரும் இல்லை. டீச்சர் பாங்குக்குப் போயிருந்தார், அர்ஷாத் கடதாசி எடுக்கப் போயிருந்தான். ஜன்னல் முழுக்க மூட்டம். கொம்பியூட்டரைப் போட்டாள். விசிறி உறுமியது, காதில் குரல் வழக்கம்போல மூக்கால் வணக்கம் சொன்னது. திரை வரவில்லை.

காத்திருந்தாள். திரையை ஒட்டிப் போய் முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தாள். வழக்கமாக ஓரத்திலாவது வெளிச்சம் நிற்கும். இன்று ஒன்றுமே இல்லை, கறுப்பு. குரல் பேசிக்கொண்டிருக்கிறது, கொம்பியூட்டர் வேலை செய்கிறது. அப்படியானால் போனது எது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வந்துவிட்டது. இன்றைக்கா? இப்படியா, ஒரு வார்த்தை சொல்லாமலா? ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கலாம், கையைப் பார்க்கலாம், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ளலாம். அவளுக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழுதாள், சத்தம் வராமல்.

றொமேஷுக்குச் சொல்ல வேண்டும். சத்தியம் செய்திருக்கிறாள். ஆனால் கோயில் ஆள் இன்றைக்குப் புத்தகத்துக்கு வருவார், சத்தியத்தை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விரல்களை மேல் வரிசையில் வைத்தாள்.

முதல் காம்பராக் கதவைத் தட்டினாள். தலைப்பு வந்து நின்றது. குரல் காதில் எழுத்தை வாசிக்க வாசிக்க, விரல்கள் வாசல் வாசலாகப் போயின. பாட்டு வந்த இடத்தில் கானைத் தாண்டி நிரஞ்சலாவிடம் போனாள், பிறகு மாமியாரிடம், மறுபடி நிரஞ்சலாவிடம். உபயகாரர் பெயர்கள் வந்ததும் அண்ணன் தம்பி வீட்டில் இரண்டு பத்தியாக உட்கார வைத்தாள். கண்ணுக்குள் இருட்டாக இல்லை. அதுதான் அதிசயம். மூடிய இமைக்குள் பால் மாதிரி ஒரு வெளிச்சம், அதில் லயம் நீளமாக நின்றது. ஒவ்வொரு வீட்டுப் புகைக்கும் ஒவ்வொரு மணம். யாரும் அவளைக் கைபிடித்துக் கூட்டிப் போகவில்லை. ஒரு தடவை குரல் "பிழை" என்றது. போன வழியே திரும்பி வந்து, எங்கோ விடுபட்ட கதவைச் சாத்திவிட்டு மேலே போனாள். பயம் எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

டீச்சர் வந்தபோது புத்தகம் முழுவதும் பிரிண்டரில் இறங்கிக் கிடந்தது. ஜெசிந்தினி கண்ணை மூடியபடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டு டீச்சர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். ஒரு பக்கம் விடாமல் பார்த்தார். பேனாவுக்கு வேலை வரவில்லை.

"வடிவாயிருக்கு பிள்ளை," என்றார். "பாட்டெல்லாம் நல்லாக் காத்தோட்டமா நிக்குது."

அப்போது அர்ஷாத் கடதாசிக் கட்டோடு வந்தான். கட்டை இறக்கிவிட்டு, புத்தகத்தைத் தன் மெஷினுக்கு எடுக்க அவள் மேசைக்கு வந்தவன் அப்படியே நின்றான். திரையின் பொத்தானை அமுக்கினான். வயரைப் பிடுங்கி மறுபடி குத்தினான்.

"நேத்து இடிக்கி இது செத்துப் போச்சே," என்றான். "லைட்டே எரியல்ல. எப்புடி ஜெசி வேல செஞ்ச நீங்க?"

ஜெசிந்தினி கண்ணைத் திறந்தாள். ஓரத்தில் அவனுடைய நீலச் சட்டை தெரிந்தது. ஜன்னல் தெரிந்தது. மூட்டம் விலகியிருந்தது.

"இடிக்கா?" என்றாள்.

"பின்ன? வாசனைய பாருங்க, உள்ளுக்குக் கருகிப் போயிருக்கு."

"எப்ப இருந்து பிள்ளை இது வேலை செய்யேல்லை?" டீச்சர் எழுந்து வந்தார்.

"காலைல இருந்து டீச்சர்."

"அப்ப என்னெண்டு இவ்வளவும் செய்தனி?"

ஜெசிந்தினி இந்தத் தடவை மழுப்பவில்லை. "கண்ணுதான் போயிருச்சுன்னு நெனச்சேன் டீச்சர்," என்றாள். அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. டொக்டர் சொன்னது, றொமேஷ் கேட்ட சத்தியம், காதில் பேசுகிற குரல், பன்னிரண்டு காம்பரா. அர்ஷாத் கையில் வயரைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

டீச்சரின் மேசையிலிருந்த திரையைக் கழற்றி அவன் இங்கே மாட்டினான். வெளிச்சம் வந்தது. நடுவில் அதே மங்கல், சுற்றிலும் வெள்ளை. ஜெசிந்தினிக்குக் கண்ணீர் கொட்டியது.

"அழாதை. இப்ப தெரியுதுதானே?"

"தெரியுது டீச்சர்."

"பிறகென்னத்துக்கு அழுறாய்?"

ஜெசிந்தினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல டீச்சர். நெசமாப் போற அன்னைக்கி, அது எனக்கு ரெண்டாந் தடவையா இருக்கும்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். பிறகு தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நேற்று யாரோ கையால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கலியாணக் கார்டின் தாள் மேசையில் கிடந்தது, காதில் பேசுகிற குரலுக்கு வாசிக்க முடியாத கையெழுத்து. அதை எடுத்து விரித்தார்.

"மெதுவா வாசிக்கட்டே, கெதியா வாசிக்கட்டே?" என்று கேட்டார்.

"வெரசாவே வாசிங்க டீச்சர்," என்றாள் ஜெசிந்தினி.