எள்ளு வளையம்

என் அண்ணன் கூத்தையா செத்துப்போய் இரண்டு வருஷம் ஒன்பது மாதம் கழித்து ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்றான். கையில் தகரப்பெட்டி, தலையில் கம்பளித் தொப்பி. சித்திரை வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நின்றவனைப் பார்த்ததுமே இது நம்ம ஆள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேய்க்குக்கூட இவ்வளவு கிறுக்குத்தனம் வராது.

கப்பலில் கரி அள்ளிப்போடும் வேலைக்குப் போனவன் அவன். துருக்கி தேசத்தில் இஸ்தான்புல் துறைமுகத்தில் விஷக்காய்ச்சல் கண்டதும், அவனை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுக் கப்பல் புறப்பட்டுவிட்டது. கூட வேலை பார்த்த கீழக்கரை சலாஹுதீன் ஊர் திரும்பியதும் எங்கள் வீடு தேடி வந்து, "பொழச்சிருக்க மாட்டான்" என்று சொல்லி அழுதார். ஒரு வருஷம் பார்த்தோம். கடுதாசி இல்லை. அய்யா மாரியூர்க் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மகனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் புஞ்சையில் எள் விதைக்கவே இல்லை. வீட்டில் நல்லெண்ணெயும் நின்றுபோனது. தோசைக்கும் கடலை எண்ணெய்தான்.

செத்தவன் திரும்பி வந்தால் கட்டிப்பிடித்து அழ வேண்டாமா? அய்யா அவனைக் கண்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். தொடவே இல்லை. அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் இவர் மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். எனக்கு வந்த கோபத்தில் தொழுவத்துக்கே போய்ச் சண்டை பிடித்தேன்.

"எள்ளு எறச்ச கை ஆத்தா இது" என்றார். "இந்தக் கை பட்டா அவன் ஆயுசுக்கு ஆகாது. இத அவன்கிட்டச் சொல்லிராத."

சண்டை போடப் போனவள் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, அவரோடு உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

இருபது நாள் இப்படியே போனது. அண்ணன் ஒருநாள் தகரப்பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "சொல்லக் கேக்காமக் கப்பலுக்குப் போனேன்னு அய்யாவுக்கு எம்மேல இன்னும் கோவம் தீரல ராக்கு. தூத்துக்குடியில கப்பலுக்கு ஆள் எடுக்காங்களாம். வெள்ளிக்கெழம போறேன்."

இன்னொரு தடவை இவனைக் கடலுக்குக் கொடுத்தால் அய்யா தாங்கமாட்டார், நானும் தாங்கமாட்டேன். வாயைத் திறக்கவும் வழியில்லை.

"போறதுக்கு முன்னாடி அய்யாவுக்கு ஒண்ணு சுட்டுக் குடுத்துட்டுப் போறேன்" என்றான். அதன் பெயர் சிமித். வளையமாக இருக்கும் ரொட்டி. அந்த ஊரில் தலையில் தட்டு வைத்துத் தெருத்தெருவாக விற்பார்களாம். ஆஸ்பத்திரிக்கு எதிரே ரொட்டி அடுப்பு வைத்திருந்தவரிடம் இரண்டு வருஷம் மாவு பிசைந்துதான் இவன் வழிச்செலவுக்குச் சேர்த்திருக்கிறான். அங்கிருந்து போட்ட கடுதாசி எதுவும் எங்களுக்கு வந்து சேரவில்லை.

புதன்கிழமை ஆரம்பித்தான். ரேஷன் கோதுமையைத் திரித்துச் சலித்தோம். மாவு பொங்குவதற்கு அந்த ஊரில் என்னவோ போடுவார்களாம், இங்கே அதற்கு எங்கே போக? பனஞ்சாறு பொங்கும் என்று பதநீரை ஊற்றிப் பிசைந்துவிட்டு, துணி போட்டு மூடி, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவன் மாதிரி உலாத்தினான். சாயங்காலம் வரைக்கும் மாவு அசையவில்லை.

"கலயத்துல சுண்ணாம்பு தடவி எறக்குற பதநீ எந்தக் காலத்துலண்ணே பொங்குச்சு? ஊர் ஊராப் போயி சொந்தப் பனையவே மறந்துட்டு வந்திருக்க."

"அப்பக் கள்ளு?"

"போலீஸ்காரன் வந்தா உன்னயக் காமிச்சு விடுறேன்."

நான்தான் புளித்த தோசை மாவில் இரண்டு கரண்டி எடுத்துப் புதிதாகப் பிசைந்து வைத்தேன். வியாழக்கிழமை காலையில் மாவு துணியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அண்ணன் என் தலையில் ஒரு குட்டு வைத்தான். மாவைக் கயிறாக உருட்டி, இரண்டு கயிற்றை முறுக்கி, வளையமாக ஒட்டினான். கருப்பட்டிக் கரைசலில் முக்கி எடுத்தான். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"எள்ளு?"

"இல்ல. சீரகம் தூவிக்க."

"எள்ளு இல்லாட்டி அது சிமித்தே இல்ல புள்ள. கடையில வாங்கிட்டு வாரேன்."

நான் வாசலை மறித்தேன். கசகசா இருக்கிறது என்றேன், ஓமம் இருக்கிறது என்றேன். அவன் சிரித்துக்கொண்டே என்னை நகர்த்தப் பார்த்தான். அய்யாவுக்குக் கொடுத்த வாக்கு அங்கேயே உடைந்தது. மாரியூர், கடல், எள், கை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அண்ணன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். விரலில் ஒட்டிய மாவைச் சுரண்டினான். பிறகு எழுந்து கடைக்குப் போய் ஒரு பொட்டலம் கறுப்பெள் வாங்கி வந்தான். வளையங்களை அதில் புரட்டினான். மணல் போட்ட சட்டியை அடுப்பில் வைத்து, உள்ளே தட்டில் வளையங்களை அடுக்கி, மேல் மூடியில் தணலை அள்ளிப் போட்டான். எனக்கு அவனைத் தடுக்கத் தோன்றவில்லை.

எள் வறுபடும் மணம் வீட்டில் எழுந்து எத்தனை நாளாயிற்று! அந்த மணமே அய்யாவைத் தொழுவத்திலிருந்து இழுத்து வந்தது. வாசலில் நின்றார். கை பின்னால் போய்விட்டது.

"எள்ள யாரு வீட்டுக்குள்ள கொண்டாந்தது?"

"நாந்தேன்" என்றான் அண்ணன். ஒரு வளையத்தை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான். "அங்கன சாகக் கெடந்தேன்யா. சோறு தண்ணி எறங்கல. எதுத்த ரொட்டிக்கடைக்காரரு தெனம் ஒண்ணு கொண்டாந்து, பிச்சுப் பிச்சு ஊட்டுவாரு. இதத் தின்னுதேன் எந்திரிச்சேன், அப்புறம் ரெண்டு வருசமும் இதுதேன் சோறு. இம்புட்டும் எள்ளு. நீங்க மாரியூர்ல எறச்சது கடல் வழியா எனக்கு வந்து சேந்துச்சுன்னு வச்சுக்கங்க."

அய்யா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் திட்டு வரவில்லை. நிமிர்ந்தபோது அந்த இரண்டு கையும் முன்னால் வந்திருந்தன. எள்ளைக் கைக்குக் கை வாங்கக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். அவர் அண்ணன் கையிலிருந்தே அந்த வளையத்தை வாங்கினார். சூடு பொறுக்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். அப்புறம் ஒரு துண்டைப் பிய்த்து அவன் வாயருகே நீட்டினார்.

"அன்னைக்குக் கடல்ல எறச்சத நீ தின்னியான்னு நான் பாக்கலயேலே" என்றார். "இப்பத் தின்னு. நான் பாக்கணும்."

அண்ணன் தின்றான். மென்று விழுங்கும்வரை அய்யா கண்ணை எடுக்கவில்லை. அடுத்த துண்டைப் பிய்த்தார்.

"நாளைக்குப் புஞ்சையில உழவு இருக்கு. எங்கயும் போகக் கூடாது."

அவன் வாய் நிறைய ரொட்டியோடு தலையை ஆட்டினான். கண்ணீர் ஓடிய ஈரத்தில் மோவாயில் ஒரு எள் ஒட்டியிருந்தது. அய்யா அதை விரலால் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.