தூரத்துப் பாஷை, பக்கத்துப் பாஷை

தாராவியில் பைசானின் பெல்ட் பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணி ஏறிப் போனால் அவர்கள் வீடு. ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின மாதம், அந்த வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லோரும் லிதுவேனியா பாஷை படித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வருகிறதா கண்ணுகளா? சிரித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டு மருமகள், பைசானின் மனைவி ரம்லத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். பைசானின் தம்பி சைஃப், லிதுவேனியாவுக்கு லாரி ஓட்டப் போனவன், லாரி ஆபீசில் வேலை பார்த்த பெண்ணையே நிக்காஹ் முடித்துக்கொண்டான். பெண் பெயர் ரசா. அந்த ஊர்ப் பேச்சில் பனித்துளி என்று அர்த்தமாம். மாமியார் நூர் நிஷா வாயில் அது முதல் நாளே 'ராசா' ஆகிவிட்டது. "பொட்டப்புள்ளைக்கு ராசான்னு பேரு வச்சிருக்கானுவ, நல்ல சனந்தான்" என்று எதிர்வீட்டு முருகம்மாளிடம் பெருமையடித்தாள்.

புது மருமகள் மாமியார் வீடு பார்க்க வருகிறாள் என்றதும் சைஃப் அந்த ஊர்ச் சொற்களைப் போனில் பேசிப் பேசி அனுப்பினான். வணக்கத்துக்கு லாபஸ். நன்றிக்கு ஆச்சூ. நூர் நிஷா தும்முகிறமாதிரி அதைச் சொல்லிப் பழகினாள். பட்டறைப் பையன்கள் ஒருத்தனுக்கொருத்தன் லாபஸ் போட்டார்கள். ரம்லத்தின் மகள் தமன்னா, யூ.கே.ஜி. படிக்கிற பிள்ளை, பத்துவரை எண்ணவே கற்றுக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் கன்னத்தில் ஒரு முத்தம் விழுந்தது.

ரம்லத் அடுப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் செம்பூரில் வளர்ந்த மலையாளத்துப் பெண். வாப்பாவுக்குத் திரூர்ப் பக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் "வெள்ளம் வேணும்" என்று கேட்டுவிட்டாள். "ஏளா, மழைகூட இல்லையே, வெள்ளம் எங்கிட்டிருந்து வரும்?" என்றாள் மாமியார். வீடே குலுங்கியது. அன்றிலிருந்து அவள் தண்ணி என்றுதான் கேட்பாள்.

அது போகட்டும். தமன்னா பேச ஆரம்பித்த காலத்தில் மலையாளமும் தமிழும் கலந்து அதன் வாயில் வந்தது. நூர் நிஷா அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டாள். "புள்ளகிட்ட உன் பாஷைய எடுக்காத. நம்ம தமிழு கெட்டுப்போவும்." பைசானும், "உம்மா சொல்லுதாகல்ல, விட்டுரு" என்றான். ரம்லத் விட்டுக்கொடுத்தாள். பிள்ளை தெருவில் இந்தி பேசியது, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பேசியது, ஒன்றும் கெடவில்லை. இப்போது லிதுவேனியம். அதனாலும் கெடவில்லையாம்.

"அதெப்படி மாமி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அதெல்லாம் தூரத்துப் பாஷைளா. எண்ணெயும் தண்ணியும் மாதிரி தனியா நிக்கும். உன்னது பக்கத்துப் பாஷை. பாலுல மோரு விழுந்த கதைதான்."

ரம்லத் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் அன்று தூங்கவைக்கும்போது, தன் உம்மா தன்னை மகளே என்று கூப்பிடுகிறமாதிரி "மோளே" என்று பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிள்ளை திரும்பவே இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்ததுபோல.

ரசா வந்தாள். நெட்டையான பெண், வெயிலில் மூக்கு சிவந்துபோய், தலையில் துப்பட்டா நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. மதியம் நெய்ச்சோறும் கறியும் பொரித்த மீனும். பெரிய தட்டமான சஹனைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆண்களுக்கு இன்னொரு சஹன். நூர் நிஷாவின் தம்பி கரீம் பாட்சாவுக்கு எங்கே போனாலும் ஒரு வேடிக்கை நடத்தியாகவேண்டும்.

"ரெண்டு மருமவ, ரெண்டு பாஷை. எது பெருசுன்னு இன்னைக்குப் பாத்துருவோம்" என்று உப்புக் கிண்ணத்தைத் தூக்கினார். "இதுக்கு என்ன பேரு?"

சைஃப் கேட்டுச் சொல்ல, ரசா, "துருஸ்கா" என்றாள். கைதட்டல்.

"மூத்த மருமவ?"

"உப்பு" என்றாள் ரம்லத்.

சிரிப்பு. அடுத்து செம்பைத் தூக்கினார்.

"வாந்துவோ."

"வெள்ளம்."

"வெள்ளமாம், யாராச்சும் படகு கொண்டாங்கடே!" என்றார் கரீம் பாட்சா.

அடுத்து மீன்.

"ஷுவிஸ்."

"மீன்."

"முடிஞ்சுபோச்சு" என்று கரீம் பாட்சா கையை விரித்தார். "ராசா பாஷைக்கு பிளைட்டு ஏறணும். நம்ம ரம்லத்து பாஷைக்கு டிக்கெட்டே வேண்டாம், பக்கத்து மாட்டுங்காவுக்குப் போற மாதிரி நடந்தே போயிரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அதில் ரம்லத்துக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்காதீர்கள், இந்தச் சிரிப்பு அவளுக்குப் பழகினதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமன்னாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அதுதான் பொறுக்கவில்லை.

அவள் சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"மாமா, இன்னும் ஒரு ஆட்டம் இருக்கு."

பிறகு மலையாளத்தில் பேசினாள். செம்பூரில் அவள் வாப்பாவும் உம்மாவும் சண்டை போடும்போது பேசுகிற பேச்சு. திரூர்ச் சந்தையில் பேசுகிற வேகம். ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை. கடைசியில் பிள்ளையைத் தொட்டு, "ஓள் ன்றெ குட்டியா. ஓளோடு ஞான் மிண்டும்" என்று நிறுத்தினாள்.

கீழே பட்டறையில் தோல் அடிக்கிற சத்தம் மட்டும்.

"என்ன சொன்னேன், சொல்லுங்க" என்றாள் ரம்லத்.

"திரும்பச் சொல்லும்மா, கொஞ்சம் மெதுவா" என்றார் கரீம் பாட்சா.

"நடந்தே போற தூரந்தானே மாமா. ஒரே பாஷைதானே."

அவர் தாடியைத் தடவினார். நூர் நிஷா பைசானைப் பார்த்தாள். பைசான், "ஏதோ... குட்டின்னு..." என்று இழுத்து நிறுத்தினான். அவளோடு ஆறு வருஷம் குடும்பம் நடத்தினவன். ரம்லத் கடைசியாக மகளைப் பார்த்தாள். தமன்னா, புது விருந்தாளியைப் பார்க்கிறமாதிரி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் ஒன்றும் விளங்கவில்லை.

ரசாதான் முதலில் வாய் திறந்தாள். என்ன சொன்னாய் என்று இங்கிலீஷில் கேட்டாள். ரம்லத் ஒளிக்கவில்லை, எல்லோருக்கும் புரியும்படி தமிழிலும் சேர்த்தே சொன்னாள். "என் மகளிடம் என் பாஷை பேச இந்த வீட்டில் எனக்கு விடவில்லை. சிரித்தே என் வாயை அடைத்துவிட்டார்கள். இனிமேல் நான் கேட்கப்போவதில்லை, பேசப்போகிறேன். அதைத்தான் சொன்னேன்."

ரசா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு கதை சொன்னாள். அவள் ஊரை ஒரு காலத்தில் ருஷ்ய ராஜா ஆண்டானாம். லிதுவேனியத்தை அதன் சொந்த எழுத்தில் அச்சடிக்கக் கூடாதென்று நாற்பது வருஷம் தடை போட்டானாம். சனங்கள் புத்தகங்களை எல்லைக்கு அப்பால் அச்சடித்து, மூட்டையில் மறைத்துத் தூக்கி வந்தார்களாம். பிடிபட்டவனைச் சைபீரியாவுக்கு அனுப்பினார்களாம். வீட்டுக்குள் தாய்மார்கள்தான் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்களாம்.

சைஃப் தமிழில் சொல்லச் சொல்ல எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். "அல்லா, என்ன கொடுமை" என்றாள் நூர் நிஷா.

"அது தடை மாமி. தடைன்னா மூட்டையில வச்சுக் கடத்திறலாம்" என்றாள் ரம்லத். "சிரிப்ப எதுல வச்சுக் கடத்துறது?"

"விருந்தாளி முன்னாடி இதையெல்லாம் பேசணுமாளா?"

"விருந்தாளிக்கு முன்னாடிதான பந்தயம் வச்சீங்க."

"புள்ள கொழம்பிப் போவும்."

"நாலு பாஷைல கொழம்பாத புள்ள அஞ்சாவதுல கொழம்பாது."

"மைனி சொல்லுததுல தப்பில்ல உம்மா" என்று சைஃப் மெல்லச் சொன்னான்.

"நீ வாயை மூடுலே" என்றாள் நூர் நிஷா. சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

தமன்னாவுக்கு முன்பு ஒருமுறை தொண்டையில் முள் சிக்கியிருந்தது. அதற்குப் பிறகு மீன் என்றால் ஆசையும் பயமும். "உம்மா, முள்ளு எடுத்துக் குடு. குத்தும்" என்றது.

ரம்லத் மீனைப் பிட்டு விரலால் தடவிப் பார்த்து, பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள்.

"பேடிக்கண்ட மோளே" என்றாள்.

பிள்ளை வாயைத் திறக்கவில்லை. "அப்படின்னா என்ன?"

பதிலுக்காக அது நூர் நிஷாவைப் பார்த்தது. நூர் நிஷா சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கும் தெரியவில்லை. மகனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பயப்படாதே என்கிற அந்த ஒரு சொல் அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை.

ரம்லத் தமிழில் சொல்லவில்லை. நீட்டின கையை இறக்கவும் இல்லை. முன்னைவிட நிதானமாக, வீடு முழுக்கக் கேட்கும்படி, அதையே திரும்பவும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பிள்ளை அவள் முகத்தையே பார்த்தபடி வாயைத் திறந்தது.