கேமராவுக்குள் வராத பேச்சிராஜ்

1

பேச்சிராஜைக் காணவில்லை. மூன்று ஆட்டங்களிலும் ஆடியிருக்கிறான். வீடியோவில் எங்கோ ஒரு முழங்கை, எங்கோ ஒரு கால். ஆள் இல்லை. தச்சநல்லூர் வீட்டு மாடியறையில் விஜயஸ்ரீ திரும்பவும் முதலிலிருந்து ஓட்டினாள்.

இதை எழுதும் எனக்குக் கதை கிடைத்தது இங்கே அல்ல, பேஸ்பாலில். அந்த ஆட்டத்தில் அடிக்க எட்டாத நான்கு பந்துகளைத் தொடாமல் விட்டவர், சும்மா நடந்தே முதல் முனைக்கு (ஃபர்ஸ்ட் பேஸ்) போகலாம். ஆனால் அடிப்பவரின் சராசரியில் அந்த நடை சேராது. அதனால் பொறுமைசாலிகள் நெடுங்காலம் கிளப்புகளுக்கு மலிவாகக் கிடைத்தார்கள். பிறகு கணக்குத் தெரிந்த சிலர் கிளப்புகளுக்குள் வந்தார்கள். 'எத்தனை அடித்தான்?' என்பதை விட்டு, 'அவுட் ஆகாமல் முனைக்குப் போனானா?' என்று கேட்டார்கள். ஆள் எடுக்கும் முறையே மாறிப்போனது.

ஓர் அமெரிக்க ஆட்டக்காரனை வைத்துத் தொடங்கினேன். 'மைதானத்துப் புல்லில் காலை வெயில் விழுந்து' [அந்தப் புல் என்ன வாசம் அடிக்கும்? தெரியாது.] அதோடு நின்றது. கபடி என்றால் எனக்குத் தெரியும்.

2

தொழில்முறை கபடி கிளப் ஒன்றுக்காக ஊர்ப்போட்டிகளைப் பார்த்து ஆள் தேடுவது விஜயஸ்ரீயின் வேலை. யார் தொட்டார், யார் பிடித்தார் என்று அவள் குறித்தால் கணினி வரிசைப்படுத்தும். மேலே இருக்கும் இருபது பேருக்குத்தான் தேர்வு முகாம். பேச்சிராஜ் அடியில் கிடந்தான். அடுத்த வருஷம் வயது வரம்பைத் தாண்டிவிடுவான்.

அவனுடைய அணித்தலைவன் ரிச்சர்ட், இவளோடு கல்லூரியில் படித்தவன். போனில் கத்தினான்.

"ஏ விஜி, அவன் இல்லாம நாங்க ஒரு ஆட்டம் ஜெயிச்சதில்ல, பாத்துக்க."

"மொத்தமே ரெண்டு பிடிதாம்லே. அதுலயும் ஒண்ணு நீ பிடிச்சது. அவன் மேல விழுந்தான்."

"விழுகதும் வேலைதான, ஏளா!"

"ஆளையே காணோம்லே. எங்கனதான் நிக்குதான்?"

"இடது கார்னர். அங்கனயேதான் நிப்பான்."

(இங்கே கண்ணால் பார்த்தே ஆள் எடுக்கும் ஓர் அண்ணாச்சியைக் கொண்டுவந்தேன். ஒரே பார்வையில் பேச்சிராஜைக் கண்டுகொள்வார், கணினி தலைகுனியும். அந்தப் பகுதியை அடித்துவிட்டேன். எனக்குப் பிடித்த அந்தக் காலத்து அண்ணாச்சிகள் தொடை பருத்தவனைத்தான் எடுத்தார்கள். பேச்சிராஜுக்குக் கொக்குக் கால்.)

3

முன்பு, விஜயஸ்ரீயின் சின்ன வயதில், கேமரா கிடையாது. கோயில் கொடை முடிந்த மறுநாள் ஆட்டம்; களத்தைச் சுற்றி நான்கு பக்கமும் சனம். எனக்குக் களத்தில் தூவிய மரத்தூள் வாசம்தான் முதலில் நினைவுக்கு வரும் [கதைக்குள் விடக்கூடாது என்றிருந்தேன், வந்துவிட்டது]. விஜயஸ்ரீக்கு வருவது முதுகுகள். அவளும் அப்பாவும் எப்போதும் ஒரு மூலைக்குப் பின்னால்தான் உட்காருவார்கள். அந்த மூலையைக் காக்க நல்ல கார்னர்காரர் நின்றால் அப்பாவுக்கு அலுத்துவிடும்.

"ஏ பிள்ள, இங்கன ஒருத்தனும் வரமாட்டேங்கான். எந்திரி, அந்தப் பக்கம் போவோம்."

முறுக்குப் பொட்டலத்தோடு இடம் மாறுவார்கள்.

விஜயஸ்ரீ வீடியோவை நிறுத்தினாள். கல்யாண வீடியோக்காரர் எடுத்த படம் அது. 'கபடி கபடி' என்று பாடி வருபவன் பின்னாலேயே கேமரா போகிறது. அவன் போகாத பக்கம் படத்தில் இல்லை.

4

மூன்று முடிவுகள் எழுதினேன். கிளப் பேச்சிராஜை எடுக்கிறது. முகாமிலிருந்து திருப்பி அனுப்புகிறது. மூன்றாவதில் விஜயஸ்ரீ வேலையை [வேண்டாம்]. எது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவள் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

கபடியில் தொடப்பட்டவன் வெளியே உட்கார வேண்டும். தன் அணி புள்ளி எடுத்தால் திரும்பலாம். ஆக, ஒரே ஆட்டத்தில், அதே எதிராளிகளுக்கு முன்னால், பேச்சிராஜ் நிற்கும் நேரமும் உண்டு, இல்லாத நேரமும் உண்டு. ஸ்கோர் தாளை வைத்து இரண்டையும் பிரித்து, பாடி வந்தவன் எந்தப் பக்கம் போனான் என்று மட்டும் குறித்தாள். அவன் வெளியே இருந்தபோது பத்தில் நான்கு பேர் இடது மூலைக்குப் போனார்கள். நின்றபோது பத்தில் ஒருவர்தான். மற்றக் கார்னர்காரர்களுக்கும் அதே கணக்கைப் போட்டாள்.

பிறகு கிளப்புக்கு எழுதினாள்: "கார்னர்காரர் பிடித்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது. அவர் நிற்பதால் அந்தப் பக்கம் வராமல் போனவர்களையும் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் கார்னர்காரர்களில் பேச்சிராஜ் மூன்றாவது."