மஞ்சள் பூசாத இடம்

மூன்று நாளாக விமலனைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. கேட்டில் வேப்பிலைக் கொத்து தொங்கும் வீட்டுக்குள் கிள்ளானில் யார் நுழைவார்கள்?

ஒன்பது நாள் மலைநடைக்குப் போனவன் அவன். தித்திவாங்சா மலைத்தொடரில், நண்பன் லோகனோடு. இரண்டாம் நாளே தண்ணீர் வடிகட்டி உடைந்துவிட்டது. இருவரும் ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்தபடி நடந்தார்கள். எட்டாம் நாள் விமலனுக்குக் குளிர் காய்ச்சல். அவன் பையையும் சேர்த்துச் சுமந்த லோகன், அவனை அக்காள் மலரின் வீட்டில் விட்டுவிட்டுக் காப்பாரில் இருந்த தன் வீட்டுக்குப் போனான்.

மகனின் மார்பில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் வள்ளியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்கா."

"எதுக்கும் கிளினிக் போயிட்டு வந்துடலாம்லா, அம்மா. பத்து நிமிஷ வேலை," என்றாள் மலர்.

"வாய மூடு. ஆத்தா இருக்கிற வீட்டுல ஊசி மருந்துன்னு பேசாதே. உனக்கு ஏழு வயசுல போட்டப்போ ஊசியா போட்டேன்? மூணாம் தண்ணி ஊத்தி எழுப்பல?"

எடுத்த கார் சாவியை மலர் ஆணியில் மாட்டினாள். அன்று பிழைத்தவள்தானே அவள்.

"கெண்டைக்கால் கிழியுதும்மா," என்று முனகினான் விமலன்.

"ஒன்பது நாள் மலை ஏறினா கிழியாம கொஞ்சுமா?"

காலையும் மாலையும் வேப்பிலையோடு பச்சை மஞ்சளை அரைத்து, தலை முதல் கால் வரை பூசினாள் வள்ளியம்மா. தலையணை, போர்வை எல்லாம் மஞ்சள்.

"அக்கா, மாப்பிள்ளை மாதிரி இருக்கேனா?"

"பொண்ணுதான் கிடைக்கல. படுடா."

முதல் நாள் பேசிய பேச்சு அது. மூன்றாம் நாள் அவன் பேசவே இல்லை. சிறுநீர் பால் கலக்காத கோப்பி ஓ நிறத்தில் போனது. உடம்புச் சூடு என்று இளநீர் கொடுத்தாள் அம்மா.

நான்காம் நாள் காலை, ஈரத் துணியால் தம்பியின் முகத்தைத் துடைத்தாள் மலர். மஞ்சள் துணியில் இறங்கியது. மறுபடி அலசித் துடைத்தாள். இந்த முறை துணி வெள்ளையாகவே வந்தது. முகம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

அவன் இமையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா, இங்க வாங்க. கண்ணுக்குள்ளயுமா பூசினீங்க?"

வள்ளியம்மா குனிந்து பார்த்தாள். போய்க் கேட்டைத் திறந்துவிட்டாள்.

"கென்சிங் திக்குஸ்," என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். "எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணியால வர்றது. காட்டுல எங்கேயோ பிடிச்சிருக்கு. ஈரல், கிட்னி ரெண்டும் அடி வாங்கியிருக்கு. நாளைக்குக் கொண்டு வந்திருந்தீங்கன்னா..."



இரண்டு நாள் மருந்து ஏறிய பிறகு விமலன் கண் திறந்தான். வள்ளியம்மா கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். இரண்டு வாய் குடித்தவன் அக்காளைப் பார்த்தான்.

"லோகன் எங்கே? அவனும் அதே தண்ணிதான் குடிச்சான்."

மலர் சட்டென்று திரும்பினாள். "அம்மா, லோகனோட அம்மா, தாயம்மா ஆன்டி நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

கஞ்சிக் கரண்டி பாதியில் நின்றது. வள்ளியம்மாவின் நகக்கண்களில் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"போன வாரமே அவ கூப்பிட்டா," என்றாள் மெதுவாக. "லோகனுக்கும் காய்ச்சல், புள்ளி இருக்குன்னா. நான்தான்..."

மலர் அம்மாவின் கைப்பேசியைப் பிடுங்கி எண்ணை அழுத்தினாள். ஆறாவது மணியில் லோகனின் அம்மா எடுத்தாள்.

"ஆன்டி, மலர் பேசறேன். லோகன் எப்படி இருக்கான்?"

"ஆத்தா இறங்கிட்டு வர்றாம்மா. உங்கம்மா சொன்ன மாதிரியே மஞ்சள் பூசி வெச்சிருக்கேன். வேப்பிலை கட்டிட்டேன். ஒருத்தரையும் உள்ள விடல."

"ஆன்டி, போனை வைக்காதீங்க. அவன் கண்ணைத் திறந்து பாருங்க. இப்பவே!"

"கண்ணா?" தாயம்மாவின் குரல் நிம்மதியாக இருந்தது. "நேத்து மத்தியானத்துலேருந்து திறக்கலையேம்மா. அசங்காமத் தூங்கறான். ஆத்தா தூங்க வைக்கிறா, எழுப்பாதேன்னு உங்கம்மாதானே சொன்னாங்க?"