மிதித்தால் உடைக்கிற மிஷின்

எண்பத்து மூன்றாம் வருடம் சித்திரையில் ஆட்டுக் கொட்டகைக்குள் நான் ஒரு மிஷின் கட்டினேன். ஆடுகள் வேப்பமரத்தடிக்குப் போயின. அவற்றுக்கு என்மேல் கோபம். என் பெண்டாட்டியின் தம்பி சாமிதுரைக்குச் சிரிப்பு.

"என்ன மச்சான், ஏரோப்பிளேனா? ரெக்கையக் காணும்?"

"ரெக்கைக்கு உங் காதைத்தான் அறுக்கலாம்னு இருக்கேன்."

என் பெண்டாட்டி குஞ்சம்மாள், வைத்திலிங்கம் முதலாளியின் களத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டினால் ஓட்டிலிருந்து எண்ணெய் தெறிக்கும். சாம்பலை அப்பிக்கொண்டாலும் தோலைத் தின்னாமல் விடாது. அந்த வருடம் வலது கையில் மூன்று விரல் வெந்து உரிந்துவிட்டது. தலை பின்னக்கூட என்னைத்தான் கூப்பிட்டாள். நான் பின்னிய சடையைப் பார்த்து, "வடக்கயிறு திரிச்சிருக்கான்" என்று தெருவே சிரித்தது. வேலையை விட்டு நில் என்றால் களத்தில் இடம் போய்விடும் என்பாள். காலால் உடைக்க ஒரு வழி பிறந்தால் அந்தக் கை தப்பும்.

நான் ஜெயங்கொண்டத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். முதுகு ஒடிந்து வந்து, பொழுது சாய்வதற்குள் கொட்டகையில் கொஞ்ச நேரம் உட்காருவேன். லாரி ஷெட்டில் கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டையைக் கொல்லரிடம் கொடுத்துப் பிறை மாதிரி இரண்டு கத்தி அடித்து வாங்கினேன். சைக்கிள் பெடல், பிரேக் கம்பி, பழைய கதவுக் கீல் எல்லாம் சேர்ந்தன. கொட்டையை நடுவில் வைத்துப் பெடலை மிதித்தால் இரண்டு கத்தியும் வந்து கவ்வும். கம்பியால் நெம்பினால் பருப்பு முழுசாக விழும். எங்கள் கொல்லை மரத்துக் கொட்டையில் ஒரு படி வறுத்து உடைத்துப் பார்த்தேன். பிசகே இல்லை. தலை கால் தெரியாமல் ஓடி முதலாளியைக் கூட்டி வந்தேன். களத்திலிருந்து வறுத்த கொட்டை மூட்டை ஒன்றையும் அவர் எடுத்து வரச் செய்தார்.

"ஏம்பா அரியமுத்து, எம் மூட்டையிலேருந்து நூறு கொட்டை போடு" என்றார் அவர். "பத்துப் பருப்புக்கு மேல உடைஞ்சா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. பத்துக்குள்ள இருந்தா உம் பொஞ்சாதி மிஷினிலேயே உடைக்கட்டும். அவ இடம் எங்கயும் போவாது."

நான் உட்கார்ந்து மிதித்தேன். முதல் கொட்டை பருப்போடு இரண்டாகப் பிளந்தது. அடுத்தது சின்னக் கொட்டை. கத்தியில் சிக்காமல் பறந்து சாமிதுரையின் நெற்றியில் போய் அடித்தது. "ஏரோப்பிளேன் கெளம்பிடுச்சு!" என்று அவன் கத்தினான். இருபது போடுவதற்குள் பதினொன்று தூள். முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

குஞ்சம்மாள் உடைசலைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏய்யா, எந்தக் கொட்டைய வச்சுப் பழகுன?"

"நம்ம மரத்துதுதான்."

"நம்ம மரத்துது எல்லாம் ஒரு வவுத்துப் புள்ளைங்க. ஒரே அளவு. ஐயா மூட்டையில இருபது தோப்பு கலந்து கெடக்கு, எல்லாத்துக்கும் ஒரே கவ்வா?" முதலாளி பக்கம் திரும்பினாள். "ஐயா, ஒரு வெத்தலை போடுங்க. நீங்க துப்புறதுக்குள்ள பிரிச்சுடறேன்."

வெற்றிலை என்றதும் முதலாளி உட்கார்ந்துவிட்டார். அவள் இடது கையாலேயே மூட்டையிலிருந்து அள்ளிப் பெருசு, நடு, சிறுசு என்று மூன்று முறத்தில் தள்ளினாள். பத்து வருடம் உடைத்தவள், கண் போகுமுன்னே கை போனது. கத்திகள் முழுக்க மூடாமல் இடைவெளி நிற்க நான் நடுவே வாஷர் கொடுத்தேன். பெருசுக்கு இரண்டு, நடுவுக்கு ஒன்று, சிறுசுக்கு ஒன்றுமில்லை.

புதிதாக நூறு எண்ணி வைத்தோம். ஐம்பதில் நாலு உடைசல். எண்பதில் எட்டு. நூறு முடிந்தபோது சரியாகப் பத்து.

முதலாளி விடவில்லை. முழுப் பருப்பைக் கிளறி ஒன்றை எடுத்து நீட்டினார். "இது மூக்கு போயிருக்கு. பதினொன்னு."

"அப்படிங்களா? போன வாரம் இதே மாதிரி மூளியெல்லாம் முழுப் பருப்புன்னுதானே கும்பகோணத்துக்கு டின் கட்டுனீங்க? நாந்தானே பொறுக்கிப் போட்டேன்?"

முதலாளி அந்தப் பருப்பை வாயில் போட்டு மென்றார். "பதினொன்னாவதக் காணும்" என்றார். "நாளைக்கு ஒரு மூட்டை அனுப்புறேன்."

அவர் தெரு திரும்பும் வரை குஞ்சம்மாள் அடக்கமாக நின்றாள். பிறகு என்னைப் பலகையிலிருந்து தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். பெடலுக்கும் அவள் பாதத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

"ஏய்யா, இத யாருக்குச் செஞ்ச?"

நான் ஸ்பானரைத் தேடினேன்.

"இரு, மொதல்ல அள" என்று காலைத் தூக்கிக் காட்டினாள்.